புதன்கிழமை வந்தவர்

இது நடந்தது. கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், வருத்தமில்லை. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே "வேற வேலை இல்லையா?" என்று சிரிக்கிற ஆள் பிரஹலாத். இருபத்தோரு வருஷம் சியாட்டிலில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். அவனே பெருமாள் மேல் சத்தியம் பண்ணிச் சொன்னது இது. அதுவும் நடுராத்திரி இல்லை, சுடுகாடு இல்லை. பங்குனி மாதம், பட்டப்பகல், ஸ்ரீரங்கம் மேல அடையவளஞ்சான் வீதியில் அவன் பிறந்து வளர்ந்த வீடு.

போன வருஷம் தை மாதம் பிரஹலாதும் அவன் மனைவி கோதாவும் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பினார்கள். முதல் இரண்டு மாதம் அவன் அடித்த கூத்தைச் சொல்லி மாளாது. வரிசையில் நின்று பஸ் ஏறப் பார்த்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிற மூன்று பஸ்ஸை விட்டான். வழியில் படுத்திருந்த மாட்டிடம் "எக்ஸ்க்யூஸ் மி" என்றான். மாடு அசையவில்லை. வாசல் தெளித்துக் கோலம் போடுகிற ராசாத்தியிடம் தினமும் "தேங்க்ஸ்ங்க" என்றான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீடு பூட்டிக் கிடந்த வருஷங்களில் வாசலைப் பார்த்துக்கொண்டது அவள்தான். பக்கத்து வீட்டிலும் அவளுக்கு வேலை. இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரே சுவர்.

காஸ் கனெக்‌ஷன் இன்னும் அவன் அப்பா பேரில் இருந்தது. பேர் மாற்ற இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அது அப்பாவின் பீரோவில் சித்தப்பா வைத்த கவரில், ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. பிரஹலாத் 'நாளைக்கு', 'நாளைக்கு' என்று நாளைக் கடத்தினான். அந்தக் கவரைப் பிரிக்க அவனுக்கு மனசு வரவில்லை. அதுவரைக்கும் கரண்ட் அடுப்புதான்.

ஆனால் அவன் நல்ல வேலையை உதறிவிட்டு வந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்.

அவன் அப்பா, தெருவுக்கே வரது மாமா. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு இந்த வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு பிரஹலாத் போன் பண்ணுவான். அவனுக்கு அது சனிக்கிழமை ராத்திரி பத்தரை. அந்தப் போன் வந்த பிறகுதான் அவர் இலை முன்னால் உட்காருவார். அவன் மறந்துபோய் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ கூப்பிட்ட நாளெல்லாம் அவர் பட்டினியாகவே காத்திருந்தார் என்பது அவனுக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிந்த பிறகும் சில தடவை மறந்திருக்கிறான்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. சாப்பிடும்போது பேசமாட்டார். சாதம் வேண்டுமென்றால் இடது கை முட்டியால் தரையில் ஒரு தட்டு. போதும் என்றால் உள்ளங்கையால் தரையை ஒரு தடவை தடவுவார். அவ்வளவுதான். பாதி வயிற்றிலேயே தடவிவிடுவார், யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று.

ஊரடங்கு வந்த வருஷம், ஏப்ரல் மாதம், அவர் ஆசார்யன் திருவடி அடைந்தார். விமானம் கிடையாது. சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். மகன் எட்டாயிரம் மைலுக்கு அப்பால் லேப்டாப் முன்னால் பூணூலை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு அழுதான். மறு வருஷம் சித்தப்பாவும் போய்ச் சேர்ந்தார். அப்பா போன பிறகு நாலு வருஷமும் பிரஹலாத் அமெரிக்காவிலேயே திவசம் பண்ணினான். ஒரு தடவைகூட மனசு ஆறவில்லை. அப்பா இருந்த வீட்டில், அப்பா உட்கார்ந்த இடத்தில் இலை போட்டு அவர் வயிறு நிறையப் பண்ண வேண்டும். அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பங்குனி வந்தது. தேய்பிறை சதுர்த்தி, செவ்வாய்க்கிழமை. திதியை பிரஹலாத் தன் டைரியைப் பார்த்துச் சொன்னான், வாத்தியார் நாள் குறித்தார். தளிகை பண்ண வந்த மாமி தன் அடுப்பும் சிலிண்டருமாக வந்து இறங்கினாள். பித்ருவின் இடத்தில் உட்கார வெங்கட்ராகவன் என்பவர் வந்தார். எழுபது வயது, சர்க்கரை வியாதி, கோழி கொறிக்கிற அளவுதான் சாப்பாடு.

அன்றைக்கு அவர் நாலு தடவை சாதம் கேட்டார். கோதா திகைத்துப்போனாள். அவர் முகமும் வெளிறிவிட்டது.

"மன்னிக்கணும். சாப்ட்டுண்டே இருக்கேன்... வயித்துல ஒண்ணும் விழுந்த மாதிரியே இல்லை" என்றார்.

முடிவில் "திருப்தியா?" என்று திவசம் பண்ணுகிற கர்த்தா கேட்க வேண்டும். "திருப்தி" என்று இலையில் உட்கார்ந்தவர்கள் சொல்ல வேண்டும். அதுதான் முறை. பிரஹலாத் கைகூப்பிக் கேட்டான். வெங்கட்ராகவன் சொல்ல வாயெடுத்தார். புரையேறியது. தண்ணீர் குடித்தார். மறுபடி புரையேறியது. மூன்றாம் தடவை, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிரஹலாதுக்கு என்னவோ போலிருந்தது.

திவசத் தளிகையில் மிச்சத்தை மறுநாளைக்கு வைக்கும் வழக்கமில்லை. பாத்திரமெல்லாம் அன்றைக்கே துலக்கிக் கவிழ்த்தாகிவிட்டது.

மறுநாள் புதன்கிழமை. மாதாந்திர மின்தடை, ஒன்பது மணிக்கே கரண்ட் போயிற்று. கரண்ட் இல்லை என்றால் அடுப்பும் இல்லை. "காந்தி மார்க்கெட் போயிட்டு ஒரு மணிக்குள்ள வந்துடறேன். சமையலை அப்புறம் பாத்துக்கலாம்" என்று கோதா பத்தரைக்குக் கிளம்பினாள். பிரஹலாத் கூடத்தில் விசிறியோடு உட்கார்ந்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

சரியாகப் பதினோரு மணி.

கொல்லையில் குழாய் திறக்கிற சத்தம். தண்ணீர் பித்தளைச் சொம்பில் விழுந்தது. ஒரு சொம்பு... இரண்டு சொம்பு... யாரோ கால் அலம்புகிறார்கள். ராசாத்தி என்று நினைத்தான். எட்டிப் பார்த்தான்.

கொல்லையில் ஒருவரும் இல்லை. குழாய் இறுக மூடியிருந்தது. சிமென்ட் தரை மட்டும் ஈரம். அந்த வீட்டில் பித்தளைச் சொம்பே கிடையாது, எல்லாம் பிளாஸ்டிக் குவளை என்பது கூடத்துக்குத் திரும்பி வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

11.20. திவசத்துக்குப் போட்ட மணை சுவரில் சாத்தியிருந்தது; நேற்றே உள்ளே போயிருக்க வேண்டும், மறந்துவிட்டார்கள். அது 'சர்ர்...' என்று சறுக்கித் தரையில் படுத்தது. சறுக்கினால் எங்கே வேண்டுமானாலும் விழலாம். அது அப்பா உட்காரும் இடத்தில், அப்பா உட்காரும் திசை பார்த்து விழுந்திருந்தது.

எலி தள்ளியிருக்கும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டான். தன் குரலே அவனுக்கு அந்நியமாகக் கேட்டது.

11.40. கொல்லைக் கதவிலிருந்து மணை வரைக்கும் ஈரம். பாதங்கள். வலது... இடது... வலது. மணைக்கு முன்னால் நின்றுவிட்டன.

திரும்பிப் போன தடம் இல்லை.

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்துவிட்டான். பங்குனி வெயிலில் முதுகு ஜில்லிட்டது.

யாரோ இருமினார்கள். இரண்டு தடவை. மெதுவாக.

அந்த இருமல் அவனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் போனை எடுத்ததும் முதலில் கேட்கிற இருமல்.

"அப்பா...?"

பதில் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் அவர் பேசமாட்டாரே.

12.05.

டொக்.

தரையில் ஒரு தட்டு.

பிரஹலாதுக்குப் பயம் போயிற்றா, கூடிற்றா என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை. சமையலறைக்கு ஓடினான். பாத்திரங்கள் கவிழ்ந்து கிடந்தன. ஃப்ரிட்ஜைத் திறந்தான். பாதிப் பாக்கெட் பிரெட். வேர்க்கடலை வெண்ணெய். ஒரு டப்பா ஆரஞ்சு ஜூஸ்.

டொக்.

அடுப்பைத் திருகினான். கரண்ட் இல்லை. மறுபடி திருகினான். போனை எடுத்துத் தயிர்சாதம் தேடினான். முப்பத்தைந்து நிமிஷம் என்றது.

டொக்.

"இதோப்பா... இதோ... அஞ்சு நிமிஷம்ப்பா..."

வாசலுக்கு ஓடினான். தெருமுனையில் ஒரு மெஸ் உண்டு. செருப்புக்குள் கால் நுழையவில்லை.

12.21.

சர்ர்ர்...

உள்ளங்கையால் தரையைத் தடவுகிற சத்தம்.

போதும்.

ஒரு பருக்கைகூடப் போடவில்லை. போதும் என்கிறார்.

பிறகு கொல்லையில் குழாய். ஒரு சொம்பு... இரண்டு சொம்பு...

நின்றது.

அப்படியும் அவன் வெறுங்காலோடு ஓடினான். பொட்டலத்தோடு திரும்பி வரும்போது 12.34. இலை போட்டான், தயிர்சாதத்தை வைத்தான், தண்ணீர் சுற்றினான். தரை காய்ந்து கிடந்தது. பாதங்கள் இல்லை. மணை முன்னால் மண்டியிட்டு "திருப்தியாப்பா?" என்று கேட்டான். பத்துத் தடவை கேட்டிருப்பான். ஒரு சத்தமும் வரவில்லை.

ஒரு மணிக்கு வந்த கோதா, இலை முன்னால் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்த கணவனைப் பார்த்தாள். அவளிடம் சொன்னான். அவள் நம்பவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவனை எழுப்பி உட்கார வைத்து, "இன்னிக்கே அந்த சர்டிபிகேட்டை எடுங்கோ. நாளைக்கே காஸ் வந்தாகணும். இனிமே இந்த வீட்ல அடுப்பு எரியாம இருக்கப்படாது" என்றாள்.

சாயங்காலம் பீரோவைத் திறந்து கவரைப் பிரித்தான். சான்றிதழைப் படித்தான். மறுபடி படித்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இறந்த தேதி: 12. நேரம்: காலை 6.40.

அவன் டைரியில் 11 என்று இருந்தது. வாத்தியாருக்குச் சொன்னது 11. அஞ்சு வருஷமாகத் திதி பார்த்தது 11-ஐ வைத்து.

சித்தப்பா போன் பண்ணியபோது ஸ்ரீரங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை விடிந்திருந்தது. சியாட்டிலில் சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. அழுகிற அழுகையில் சுவரில் மாட்டியிருந்த அமெரிக்கக் காலண்டரைப் பார்த்து எழுதிவிட்டான். வாராவாரம் ஸ்ரீரங்கத்தில் ஞாயிறு, சியாட்டிலில் சனி என்று மணி பார்த்து போன் பண்ணியவன், அன்றைக்கு ஒரு நாள் மட்டும் பார்க்கவில்லை. ஒரு நாள் தப்பியது, திதியும் தப்பியது. அப்பாவின் திதி சதுர்த்தி இல்லை. பஞ்சமி.

பஞ்சமி என்பது அந்தப் புதன்கிழமை.

அஞ்சு வருஷமாக யாரும் வராத நாளில் இலை போட்டிருக்கிறான். அவர் வந்த நாளில் ஒரு வாய் சாதம்கூட இல்லை. ராத்திரி முழுக்க இரண்டு பேரும் தூங்கவில்லை. வேண்டுமென்று செய்ததா என்று கோதா தேற்றிப் பார்த்தாள். வேண்டுமென்று செய்யாத தப்புக்கு மருந்தே இல்லை, பாருங்கள்.

இதோடு முடிந்திருந்தால், பாவம், மனக்கலக்கத்தில் அவனுக்கு எதெதுவோ கேட்டிருக்கிறது என்று நானும் விட்டிருப்பேன்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ராசாத்தி வாசல் தெளிக்க வந்தாள். பிரஹலாத் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சார், பெரியவருக்கு நேத்து வயிறாற வச்சீங்களா?"

அவன் எழுந்து நின்றான். "என்ன சொல்றீங்க?"

"வருசா வருசம் பங்குனியில ஒரு நாள் மத்தியானம் வருவாருங்க. பூட்டின வீட்டுக்குள்ள தட்டுற சத்தம் கேக்கும். நான் அடுத்த வீட்டுக் கொல்லையில பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருப்பேன். மொத வருசம் பயந்து ஓடிட்டேன். பொழுது சாயுற வரைக்கும் விடாம தட்டுனாராம், அந்த வீட்டம்மா சொன்னாங்க. பாவமா போச்சு. மறுவருசம் என் தூக்குவாளிச் சோத்த ஒரு எலையில போட்டு கொல்லைக் கதவுகிட்ட வச்சேன். எங்க வீட்டுச் சோறாச்சே, தொடுவாரோ மாட்டாரோன்னு யோசனைதான். கொஞ்ச நேரத்துல தரையத் தடவுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் தட்டல. அதுலேருந்து வருசா வருசம் வச்சுக்கிட்டுதாங்க இருந்தேன்."

"என்னிக்குன்னு... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாள் கெழமையெல்லாம் நான் எங்க கண்டேன்? சத்தம் கேட்டா வைப்பேன்."

பிரஹலாத் ஒரு படி இறங்கினான். "நேத்து... கேட்டுதா?"

"நல்லாவே கேட்டுச்சு சார். மூணு தட்டு." ராசாத்தி துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தாள். "அதான் புள்ள வந்துட்டாரேன்னு, இந்த வருசம் நான் வைக்கலைங்க."