அந்தோனியார் எடுத்துவிடாத கோபம்

கொழும்புத்துறைச் செபக்குழுவில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். நண்டு வலைக்குப் போகும் ஒருவரின் மகள் நான். போன தவக்காலத்தில் உங்கள் எல்லோர் மீதும் எனக்குக் கோபம். கடவுள் மீதும்தான். அது இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனாலும் கிடைத்த உதவியை மறைப்பது நன்றிகெட்டத்தனம்.

உயர்தரப் பரீட்சையில் வியாபார நிருவாகப் படிப்புக்கான வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தவறவிட்டேன். வெளிமாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேறு பாடம் கிடைத்தது. ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்து நல்ல புள்ளிகள் எடுத்தேன். அப்போதுதான், கொழும்புப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான் ஆசைப்பட்ட அதே படிப்பின் இரண்டாம் வருடத்தில் ஓரிரு இடங்கள் வெறுமையாக இருப்பதாக அறிந்தேன். மாறிப்போக விண்ணப்பிக்கலாம். அதற்கு எங்கள் துறைத்தலைவர் கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு அங்கே நேர்முகத் தேர்வு. நாடு முழுவதிலும் இருந்து பிள்ளைகள் அந்த இடங்களுக்கு அடிபடுவார்கள்.

துறைத்தலைவரும் எங்களைப்போல யாழ்ப்பாணத்தவர்தான். அதுதான் எனக்கு வயிறெரிந்தது. விண்ணப்பத்தை மேசையில் போட்டுவிட்டு வாரக்கணக்காக இழுத்தடித்தார். "பிள்ளை, அங்கை இங்கிலீசிலை கதைக்கோணும். உமக்குச் சரிவராது. கிடைச்சதைப் படியும்" என்றார். அழுதுகொண்டு அம்மாவுக்கு போன் எடுத்தேன். "இருக்கிறதை விட்டிட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படாதை" என்று அம்மாவும் சொல்லிவிட்டார்.

விடுமுறையில் வீட்டுக்கு வந்த செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் நவநாளுக்குப் போனோம். பங்குச் சுவாமியார், சனங்கள் பெட்டியில் எழுதிப் போட்ட மன்றாட்டுகளை வாசித்தார். நோயாளிகளுக்காக, வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக. பிறகு, கோபத்தின் பிடியில் இருக்கும் ஒரு மகளுக்குச் சாந்தம் கிடைக்க மன்றாடுவோம் என்றார். கோயிலில் இருந்த அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. எழுதிப் போட்டது அம்மா. நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் மறுமொழி சொன்னீர்கள். இவளுக்கு அந்த இடம் கிடைக்கட்டும் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

எல்லோரும் போனபிறகு அந்தோனியார் சொரூபத்தின் முன் நின்றேன். செபம் என்று சொல்ல முடியாது, சண்டைதான். "துலைஞ்சதெல்லாம் தேடித் தருவீராம். என்ரை படிப்பு எங்கை? ஏலாட்டி இந்தக் கோபத்தையாவது எடும். ரெண்டையும் சுமக்க என்னாலை ஏலாது."

கோபம் போகவில்லை. கூடியது. விண்ணப்ப முடிவு நாளன்று துறைத்தலைவரின் அறைக்குள் போனேன். "சேர், ஏலாதெண்டால் ஏலாதெண்டு எழுதித் தாங்கோ. நான் மேலிடத்திலை காட்டிறன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார். "உமக்கு வாய் கூட" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று அதில் ஒரு பெண் விரிவுரையாளர் ஆங்கிலத்தில் கேட்டார். பாடமாக்கி வைத்திருந்த பதில் அப்படியே மறந்துபோயிற்று. அப்பாதான் நினைவுக்கு வந்தார். எங்கள் கரையில் நண்டு வாங்கும் வாடியில், நண்டு லொறியில் ஏறிப் போகும். அடுத்த நாள்தான் விலை சொல்வார்கள். அப்பா ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், உடைந்தும் நொறுங்கியும், அதைச் சொன்னேன். விற்கிறவனுக்கு விலை தெரியாத இந்த வியாபாரத்தை யார் எப்படி நடத்துகிறார்கள் என்று அறியத்தான் வந்தேன் என்றேன். கோபமாக இருக்கிறீரா என்று அந்த விரிவுரையாளர் கேட்டார். வாயில் "ஓம்" என்றுதான் வந்தது. அவர் சிரிக்கவில்லை. இன்னும் சொல்லும் என்றார்.

எனக்கு இடம் கிடைத்தது. அந்தக் கோபத்தை அந்தோனியார் எடுத்திருந்தால் அந்த அறையில் நான் ஊமையாக இருந்திருப்பேன். அம்மாவுக்கு போன் எடுத்துச் சொன்னேன்.

"அந்தோனியாரே" என்றார். பிறகு, "கோபம் குறைஞ்சதோ, பிள்ளை?"

"இல்லை அம்மா."

நத்தார் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தபோது அப்பாவோடு வாடிக்குப் போனேன். நண்டுப் பெட்டியை இறக்குமுன், இன்றைக்கு என்ன விலை என்று கேட்டேன். "இதென்ன புதுப் பழக்கம்?" என்றார் நிறுக்கிறவர். "ஓம் அண்ணை, புதுசுதான்" என்றேன். அப்பா பெட்டியின் பிடியை விடாமல் நின்றார். அன்றைக்கு விலை சொன்னார்கள்.

உங்களில் கோபமாக இருப்பவர்கள் அதைச் செருப்போடு கோயில் வாசலில் கழற்றி வைக்காதீர்கள். உள்ளே கொண்டுபோங்கள். கத்துங்கள். அந்தோனியார் காதைப் பொத்துவதில்லை, நான் கண்டேன்.

ஒரு வேண்டுகோள். என் கோபம் தணிய இனி ஒருவரும் மன்றாட வேண்டாம். படிப்பு முடிய இன்னும் காலம் இருக்கிறது, அதுவரை எனக்கு அந்தக் கோபம் தேவை.