அக்காவின் கோத்திரம்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒருபக்கமாய்ச் சாய்ந்து நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இந்தப் பக்கம், என் தலைமாட்டில், காலையில் அவள் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜை ஒரு பையில் தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய ஆபரேஷனாக இருக்கும் என்று பயந்திருந்தேன். பார்த்தால் ரத்தம் ஏற்றுகிற மாதிரிதான் இருந்தது. கண்ணாடி வழியாகப் பேச்சு கேட்காது என்பதால் அக்கா நர்ஸிடம் சொல்லி அனுப்பினாள்: "இனிமே பாகற்காய் வேணாம், நக்கோன்னு தட்டைத் தள்ளட்டும், பாக்கறேன். உள்ள போறது என்னோடதாக்கும்."

எண்பதுகளில் நடந்தது இது. காஞ்சன்பாக்கில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது என் பெண் கைக்குழந்தை. தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கூடப் பிறந்தவர்களின் மஜ்ஜை பொருந்தினால்தான் வழி என்றார்கள். எனக்குக் கூடப் பிறந்தவள் அக்கா ஒருத்திதான். என் ஊரை ஒட்டியே, செகந்திராபாத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். "எலும்பைத் துளைச்சுண்டு வந்தா நாளைக்குக் குனிஞ்சு கோலம் போட முடியுமாடி?" என்று மாமியார் தடுத்தும் ரயிலேறி வந்துவிட்டாள். பகவான் கண் திறந்தார், பொருந்தியது.

நான் பிழைத்து எழுந்ததும் டாக்டர் சொன்னார், இனி என் உடம்பில் ஊறுவதெல்லாம் அக்காவின் ரத்தம், குரூப்பே மாறிவிடும் என்று. அப்படியே ஆயிற்று. தொழிற்சாலை மருந்தகத்தில் கம்பவுண்டர் பாய் என் பழைய அட்டையையும் புதுப் பரிசோதனையையும் மாறி மாறிப் பார்த்து, "ஐயரே, ஆளையே மாத்திட்டு வந்துட்டீங்க, கைக்கு?" என்று உருதுவில் 'ஏன்' கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சில வருஷங்களில் அக்கா மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். மஜ்ஜை கொடுத்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் தெளிவாகச் சொன்னார்கள். எனக்கு அந்த உறுத்தல் இல்லை. என்னை இன்றுவரை அறுப்பது வேறு.

தகனம் முடிந்ததும் எனக்கு எத்தனை நாள் தீட்டு என்று சாஸ்திரிகளைக் கேட்டேன். "கல்யாணமாகிப் போனவள். கோத்திரம் வேற. பங்காளிக்குத்தான் பத்து நாள், உமக்கு அத்தனை இல்லை. சீக்கிரமே ஸ்நானம் பண்ணிட்டு வேலைக்குப் போகலாம்" என்றார்.

"என் உடம்புல ஓடறதே அவ ரத்தம்தானே, மாமா?"

"ரத்தம் வேற, கோத்திரம் வேற. ஆசைக்கெல்லாம் தீட்டை நீட்ட முடியாதுடா அப்பா."

அவர் தப்பாகச் சொல்லவில்லை. அக்காவின் புக்ககத்தில் இன்னும் அடுப்பு பற்றவைக்காமல் இருந்தபோது நான் குளித்து, பூணூல் மாற்றிக்கொண்டு, கோயிலுக்குப் போய்விட்டு, ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் அங்கே ஒரு தடவை தலைகாட்டிவிட்டுப் போகலாம் என்று எட்டிப் பார்த்தேன். என் நெற்றி விபூதியைப் பார்த்த அக்காவின் மாமியார், யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: "வாங்கிக்க வரச்சே ஒரே ரத்தம். தலை முழுக மட்டும் வேற கோத்திரம்." பஸ் ஏறி வேலைக்குப் போனேன்.

இப்போது பேப்பரில் ஸ்டெம் செல் என்று எழுதுகிறார்கள். பல பேருக்கு இடுப்பைத் துளைக்காமல், கை நரம்பிலேயே எடுத்துவிடுகிறார்களாம். லேபில் வேலை பார்க்கும் என் பெண் அதைப் படித்துக் காட்டிவிட்டு, "அப்பா, உங்க ரத்தத்தை மட்டும் எடுத்து டெஸ்ட் பண்ணா பொம்பளைன்னுதான் வரும், தெரியுமா? அத்தையோட செல்தான் இன்னும் ரத்தம் பண்ணிண்டிருக்கு" என்றாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து பூஜையறைக்குள் போய்விட்டேன்.

சாஸ்திரத்தை நான் மீறியதில்லை, மீறவும் தைரியமில்லை. மஹாளயத்தில் அக்கா பெயர் வரும்போது மட்டும் வாய் கொஞ்சம் நின்றுவிடுகிறது. "என்ன மாமா, கோத்திரம் மறந்துடுத்தா?" என்கிறார் இப்போது தர்ப்பணம் பண்ணி வைக்கிற வாத்தியார், சின்ன வயசுக்காரர்.

"இல்லை" என்று அவள் புக்ககத்துக் கோத்திரத்தையே சொல்லி, எள்ளும் தண்ணீரும் விடுகிறேன்.