கீழே வைத்த வாளி

அன்று வாளியை நான் ஏன் கீழே வைத்தேன்? மருத்துவமாது பிலோமினா அக்கா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று, அவரை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரக்காரர் மாலையில் வாசல் படலையடியில் நின்று சொன்ன நேரம் முதல் இதை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

புதுக்குடியிருப்புக்கு வெளியே ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் நானும் அவரும் நான்கு வருடம் வாடகைக்கு இருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். அவர் சைக்கிளில் கர்ப்பிணிகளைத் தேடிப் போனார். கழுத்தில் எப்போதும் நனைத்த துவாய் கிடக்கும். "மாலையோ அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "ஓம், வெயிலுக்கும் எனக்கும் கலியாணம்" என்றார்.

ஒரு விடுமுறையில் அவரோடு போனபோது, நெல் அறுத்து அருவி வெட்டிய பெண்ணொருத்தி வயலில் விழுந்தாள். எல்லோரும் மலேரியா என்றார்கள். இங்கே உடம்பு சுட்டால் அதற்கு வேறு பெயர் கிடையாது. அக்கா வாய்க்கால் தண்ணீரை அள்ளி அவள்மேல் ஊற்றினார்.

"நடுக்கம் இல்லை, வேர்வை இல்லை, கதை தடுமாறுது. இது வெயில். முதல் உடம்பைக் குளிரப் பண்ணுங்கோ, பிறகு ஆஸ்பத்திரி."

அவள் பிழைத்தாள். திரும்பும் வழியில் அக்கா சொன்னார்: "நீங்கள் படிச்சனீங்கள், ஒண்டையும் நம்பமாட்டியள். இதையெண்டாலும் நம்புங்கோ."

அந்தக் கடைசி நாளில் இடம்பெயர்ந்தவர்களின் தறப்பாள் கொட்டில்களுக்குள் காலை முதல் திரிந்திருக்கிறார். அங்கே கிணறு வற்றியிருந்தது. மத்தியானம் வந்து சைக்கிளை விழுத்திவிட்டு முற்றத்தில் இருந்தார். துவாய் காய்ந்து கிடந்தது. என்னை யாரென்று தெரியாமல் பார்த்தார். தோல் நெருப்பாகச் சுட்டது. ஒரு பொட்டு வியர்வை இல்லை.

வாளியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கார அம்மா கையைப் பிடித்தார்.

"என்ன விசர் வேலை ரீச்சர்? காய்ச்சல்காரிக்குத் தண்ணி வாத்தா சன்னி வந்திடும். பிள்ளை குட்டி வளர்த்திருந்தா தெரியும்."

வாளியை வைத்தேன். வீட்டுக்கார அம்மா அக்காவுக்குப் போர்த்திய போர்வையின் மறு தலைப்பை நானே இழுத்துவிட்டேன். ஒன்றையும் நம்பாத நான் அதை நம்பினேன். உழவு இயந்திரம் வர ஒன்றரை மணித்தியாலம் ஆனது.

"மலேரியா கொண்டுபோட்டுது" என்று இந்த ஊரவர்களான உங்களில் பலர் செத்தவீட்டில் சொன்னீர்கள். நான் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

துவாய் என்னிடம் இருக்கிறது. நனைத்துக்கொண்டுதான் வெளியே போகிறேன். அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

அவர் இறந்த மறுநாள், சேமக்காலையில் அடக்கம் முடிந்து வந்தபின், ஆஸ்பத்திரியிலிருந்து இரத்தம் சோதித்த துண்டுக் கடதாசி வந்தது.

"என்னவாம் ரீச்சர்?" என்றார் வீட்டுக்கார அம்மா.

"மலேரியா இல்லையாம்."

அவர் அந்தப் போர்வையைத் தோய்த்துக் கொடியில் விரித்துவிட்டு உள்ளே போனார்.