படத்திறப்புக்கு இரண்டு பாட்டு

நானும் அவனும் பதினோரு வருடம் சேர்ந்து பாட்டுக் கட்டினோம். எங்கள் பக்கத்தில் யாராவது இறந்துவிட்டால், கருமாதி அன்று படத்தைத் திறக்கும்போது அவரைப் பற்றி ஒரு பாட்டு ஒலிக்க வேண்டும் என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வில்லியனூர் சுற்றுவட்டாரத்தில் அதைச் செய்து கொடுத்தது எங்கள் குழுதான். மெட்டு என்னுடையது, குரலும் என்னுடையது. அவன் என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? சாவு வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்டான். செத்தவருக்கு எந்தக் குழம்பு பிடிக்கும், யாரைத் திட்டுவார், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார். அதையெல்லாம் அடுக்கி ஒரு காகிதத்தில் கொண்டுவந்து நீட்டுவான். இதற்குப் பெயர் பாட்டெழுதுவதாம்.

ஒரு திருவிழா பேனரில் அவன் படம் என் படத்தைவிட ஒரு சாண் பெரிதாக இருந்தது. அது அச்சடித்தவனுடைய தப்பு என்று அவன் சொன்னான். நான் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. அன்றோடு குழு கலைந்தது.

கலைந்த கையோடு ஐயா தனிப் பாடகர் ஆகிவிட்டார். வில்லியனூரில் சிமெண்ட் கடை மாடியில் இருக்கும் ஸ்டூடியோவில் பதிவு செய்து எல்லாருக்கும் அனுப்பினான். எனக்கு அனுப்பவில்லை. ஆனாலும் வாங்கிக் கேட்டேன். எதிராளி என்ன செய்கிறான் என்று தெரிய வேண்டாமா? பண்டசோழநல்லூரில் ஒரு அம்மா இறந்ததற்கு ஒரு பாட்டு. அந்த அம்மா மோட்டார் கொட்டகைச் சாவியைக் கடைசிவரை இடுப்பைவிட்டு எடுக்கவில்லை என்பதற்கு ஒரு முழுச் சரணம்! மெட்டு முதல் வரியில் ஒரு பக்கம் போனது, மூன்றாவது வரியில் வேறு பக்கம் போனது. காது உள்ளவன் கேட்க முடியாது. பெண்கள் அதைக் கேட்டு அழுது ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரசனை கெட்ட ஜனங்கள்.

நானும் தனியாக ஆறு பாட்டு போட்டேன். வயலின், புல்லாங்குழல், எல்லாம் தரமான வேலை. வார்த்தைக்கு என்ன பஞ்சம்? தியாகம், தெய்வம், குலவிளக்கு, ஆலமரம். எந்த வீட்டுக்கும் பொருந்தும், பெயரை மட்டும் மாற்றினால் போதும். பிள்ளையார்குப்பத்தில் ஒருவருக்கு ‘நீ பெற்ற பிள்ளைகள் நெஞ்சடித்து அழுகுதய்யா’ என்று பாடி முடித்ததும், அவருடைய தம்பி என் காதருகே வந்து, “அவருக்குக் கல்யாணமே ஆவலபா” என்றார். முன்னாடியே சொல்லியிருக்க வேண்டியது அவர்கள் வேலை. போய்க் கேட்பது என் வேலை இல்லை.

போன தை மாதம் கரும்பு வெட்டு நடக்கும்போது என் அப்பா இறந்தார். உறுவையாறில் எல்லாருக்கும் தெரிந்த விவசாயி. துக்கம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கூடவே ஒரு கணக்கும் இருந்தது. கருமாதிக்கு ஊரே வரும், அவனும் வருவான். என் அப்பாவுக்கு நான் கட்டும் பாட்டைக் கேட்டதும், அந்தப் பதினோரு வருடப் பாட்டும் யாருடையது என்பது எல்லாருக்கும் விளங்கிவிடும்.

எடுத்த அன்றே அவனும் மாலையோடு வந்திருந்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் பந்தலில் என் அக்கா பக்கத்தில் நாற்காலியைப் போட்டான். அப்புறம் டீக்கடையில் போய் உட்கார்ந்தான். பழைய வியாதி இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டுத் திரும்பும்போது என் பக்கத்தில் வந்து, “உங்கப்பா சட்டப் பாக்கெட்டுல எப்பவும் ரெண்டு பேனா இருக்குமே, எதுக்குடா?” என்று கேட்டான்.

“எனக்கு இன்னா தெரியும்? போடா” என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அப்பனைப் பறிகொடுத்தவனிடம் பேனாவைப் பற்றி விசாரிக்கிற ஜென்மத்தை அன்றுதான் பார்த்தேன்.

பதினாறாம் நாள் படத்தைத் திறந்தார்கள். என் பாட்டு ஒலித்தது. வயலின் அழுதது, என் குரலும் எங்கேயும் பிசகவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்து மரியாதையாகக் கேட்டார்கள். இரண்டாவது சரணத்தில் முன்வரிசையில் ஒருவர் கைபேசியை எடுத்துப் பார்த்தார். முடிந்ததும் அக்கா என்னிடம் வந்தாள்.

“பாட்டு நல்லாத்தான் கீது. இது யாரோட அப்பாடா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தன் கைபேசியை மைக்செட்காரரிடம் கொடுத்துவிட்டாள். அதிலிருந்து வந்தது அவன் குரல். அவளுக்கு அனுப்பி வைத்திருக்கிறான். பேங்கில் சலான் எழுத யார் பேனா கேட்டாலும் அப்பா முகம் கோணாமல் கொடுப்பாராம். அது எழுதாத பேனாவாம். வாங்கியவர் நாலு உதறு உதறிவிட்டுத் திருப்பித் தந்ததும், ‘அடடா, தீந்துபோச்சா’ என்று வருத்தப்பட்டு, அதைப் பத்திரமாகப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு, இன்னொரு பேனாவால் தன் சலானை எழுதுவாராம். பந்தலில் முதலில் ஒருவர் சிரித்தார். “எனக்கும் அதத்தான் குடுத்தாருபா” என்று சொல்லித் துண்டால் கண்ணைத் துடைத்தார். அப்புறம் பந்தல் முழுக்கச் சிரித்துச் சிரித்து அழுதது. அவன் பந்தல் ஓரமாக நின்றிருந்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

சுருதி நாலு இடத்தில் இறங்கியது. எண்ணினேன். மூன்றாவது இடம் மன்னிக்கவே முடியாதது.

சாப்பாடு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு உள்ளே போனேன். யாருக்கும் கொடுக்காமல் அக்கா வைத்திருந்த அப்பாவின் சட்டை ஆணியில் தொங்கியது. பாக்கெட்டில் இரண்டு பேனா. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் கிறுக்கிப் பார்த்தேன். ஒன்று எழுதியது. இன்னொன்றை அழுத்தினேன், உதறினேன், முனையை நாக்கில் வைத்து எடுத்தேன். எழுதவில்லை. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நாற்பத்திரண்டு வருடம் அவரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். ஒருநாள்கூட அவரிடம் ஒரு பேனா கேட்டதில்லை.