ஆமாங்க என்றால் ஆம் இல்லை

போன வாரம் சேலத்திலிருந்து எனக்கு ஒரு ஃபிளாப்பி வந்தது. அப்பளத்தைச் சதுரமாக வெட்டிக் கறுப்பு உறை போட்ட மாதிரி இருக்குமே, அதேதான். தபால்காரர் அதை மடித்து ஜன்னல் கம்பியில் செருகாமல் கையில் கொடுத்தார். முதல் கண்டம் தாண்டியது.

நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரில் போட்டு, முதல் வரிகளில் என் பெயரைத் தேடினேன்.

ஏன் தேடினேன்? அதைச் சொல்லத்தான் இந்த வாரப் பத்தி.

நான் கணக்கு வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து அதற்கும் நான்தான் பொறுப்பு. அளவெடுத்து உறை தைத்துப் போட்டேன். வாசலில் 'காலணிகளைக் கழற்றவும்' என்று போர்டு மாட்டினேன். காலையும் மாலையும் வோல்டேஜைப் பார்த்து டைரியில் எழுதினேன். எல்லாம் செய்தேன்... அதில் வேலை செய்வதைத் தவிர.

தலைமையாசிரியருக்கு இது உறுத்தியது. "ஏனுங்க சார், பென்னாகரம் ஸ்கூல்ல இந்த மெஷினைக் கேக்கறாங்க. இங்க போத்திக்கிட்டுத் தூங்கறதுக்கு, அங்க போயி உழைக்கட்டுமே" என்றார். அரைப் பரீட்சைக்கு ரேங்க் லிஸ்ட்டை அது போட்டுக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பென்னாகரத்துக்கு பஸ் ஏற்றிவிடுவார்.

அனுப்ப எனக்கு மனசே வரவில்லை. உறை தைத்த கை இல்லையா?

அப்போதுதான் சேலத்துப் பேராசிரியர் ஒருவரின் மார்க் புரோகிராம் பற்றிக் கேள்விப்பட்டேன். வெறும் ஃபிளாப்பியும் தபால் தலையும் அனுப்பினால் அதில் பதிந்து அனுப்பிவிடுவார். விலை கிடையாது. புரோகிராமின் முதல் வரிகளில் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும் — 'யாரும் நகல் எடுக்கலாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம். திருத்தலாம். திருத்தினால் எனக்கும் அனுப்புங்கள். எல்லோருக்கும் போய்ச் சேரட்டும்.' அதன் கீழே, இதுவரை திருத்திக் கொடுத்தவர்களின் பெயர்கள்.

எனக்கு நம்பவே முடியவில்லை. குழம்புக்கு மசாலா அளவு கேட்டால்கூட ஒரு சாமானை மறைத்துச் சொல்கிற ஆட்கள் நாம். இந்த மனிதர் மொத்த அடுப்பங்கரையையும் திறந்துவிட்டு, உப்புப் போதாவிட்டால் நீங்களே போடுங்கள் என்கிறாரே!

புரோகிராம் வந்து சேர்ந்ததும், மார்க்கை அடித்துத் தர ஸ்டெல்லா டீச்சரைக் கேட்டுக்கொண்டேன். இண்டூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒரு செக்‌ஷனை முடித்தார். திங்கட்கிழமை திறந்து பார்த்தால் — ஒரு மார்க்கும் இல்லை.

தூசு என்றேன். பிறகு கரண்ட் என்றேன். அவர் தலையில் வைத்திருந்த பூவின் ஈரம் என்றுகூடச் சொன்னேன்.

"செருப்பைக் கழட்டிட்டுத்தானுங்க சார் வந்தேன். பூவையும் கழட்டணும்னு போர்டுல போடலீங்களே" என்றார் டீச்சர்.

மறுபடி அடித்தார். இந்த முறை நான் கூடவே நின்று கண்காணித்தேன் — ஸ்டெபிலைசர் முள்ளை. முள் அசையவே இல்லை. மறுநாள் மார்க்கும் இல்லை. கடைசியில் நானே உட்கார்ந்து, ஒற்றை விரலால் தேடித் தேடிக் கொஞ்சம் அடித்தேன். அது அப்படியே பத்திரமாக இருந்தது!

ஆசிரியர் அறையில் வந்து அறிவித்தேன்: "சில பேர் கைக்கு மெஷின் படியாதுங்க. கைராசி வேணும்." பிதாகரஸ் தேற்றம் நடத்திவிட்டு வந்த வாய்தான் அது.

ஸ்டெல்லா டீச்சர் டிபன் பாக்ஸை மூடினார். "எங்க வூட்டு மாடு வேற யாரு கை பட்டாலும் ஒதைக்குமுங்க. எனக்கு மட்டுந்தான் நிக்கும். அது படியற கைக்கு இது படியாதுங்களா? வாங்க சார். இன்னிக்காவது முள்ளைப் பாக்காம ஸ்கிரீனைப் பாருங்க."

பார்த்தேன். மளமளவென்று அடித்தார். முடிவில் புரோகிராம் கேட்டது — இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் — 'சேவ் செய்யவா? ஆம் / இல்லை'. டீச்சர் பதில் அடித்தார். ஆம் என்பதற்கு இவ்வளவு எழுத்தா?

"என்ன டீச்சர் அடிச்சீங்க?"

"ஆமாங்கன்னு அடிச்சேன்."

"ஆம்னுதானே போட்டிருக்கு?"

"அது கேள்வி கேக்குதுங்க. வெடுக்குனு 'ஆம்'னா நல்லாவா இருக்குது? எங்கப்பா எதாச்சும் கேட்டு நான் 'ஆம்'னு சொன்னேன்னு வெச்சுக்கங்க... புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு சாமியார்கிட்ட ஜெபம் பண்ணக் கூட்டிட்டுப் போயிருவாரு."

புரோகிராமுக்கு 'ஆம்' மட்டும்தான் ஆம். மற்றதெல்லாம் இல்லை. பாவம், டீச்சர் ஒவ்வொரு முறையும் மரியாதையாகச் சம்மதித்தார். அது ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டது.

யோசித்துப் பாருங்கள். 'ஆம்' என்று யார் பேசுகிறார்கள்? நாடகத்தில் ராஜா பேசுவார். அப்புறம் பாடப் புத்தகம். அப்படியானால் நான் மட்டும் எப்படிச் சரியாக அடித்தேன்? கைராசியால் இல்லை. மரியாதை தெரியாததால்.

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு 'ஆம்' அடித்தார். ரேங்க் லிஸ்ட் வந்துவிட்டது. ஆனால் தலைமையாசிரியர் சமாதானம் ஆகவில்லை. "அத்தனை டீச்சருங்களும் ஆமாங்கன்னுதான் சொல்லுவாங்க. அது புரியாத மெஷினை வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது? முழுப் பரீட்சைக்குள்ள அதுக்கு நம்ம பேச்சைக் கத்துக் குடுங்க. முடியலீன்னா பென்னாகரம்."

கற்றுக் கொடுக்க உட்கார்ந்தேன். பேராசிரியர்தான் திருத்தலாம் என்று சொல்லியிருக்கிறாரே! நம் பக்கத்தில் எத்தனை விதமாகச் சம்மதிப்பார்களோ அத்தனையையும் சேர்த்தேன். ஆமா, ஆமாங்க, ஆமாமுங்க, சரிங்க, ஆகட்டுங்க. கர்நாடகா எல்லையோரத்து வீடுகளை விட்டுவிடலாமா? கன்னடத்துக்கு ஹௌது, தெலுங்குக்கு அவுனு. பிறகு இல்லை என்பதற்கும் தனிப் பட்டியல் போட ஆரம்பித்து, ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன் — 'பாக்கலாங்க'. இது ஆமாவா, இல்லையா?

டீச்சரைக் கேட்டேன்.

"போன மாசம் உங்க பத்தியெல்லாம் பைண்டு பண்ணித் தர்றேன், படிக்கறீங்களான்னு கேட்டீங்களே சார். நான் என்ன சொன்னேன்?"

"பாக்கலாங்கன்னு சொன்னீங்க."

"ம்."

'பாக்கலாங்க' இல்லைப் பட்டியலில் ஏறியது.

முழுவதையும் வெள்ளைத்தாளில் முத்து முத்தாக எழுதி, ஓரத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, எந்தத் திருத்தம் யார் பேச்சிலிருந்து வந்தது என்று அடிக்குறிப்பும் கொடுத்து, ஃபிளாப்பியோடு பேராசிரியருக்கு அனுப்பினேன். கம்ப்யூட்டருக்கு அடிக்குறிப்பு தேவையில்லை என்று பிறகுதான் உறைத்தது.

போன வாரம் வந்தது அதன் பதில்.

என் பட்டியல் முழுக்கக் காணோம். அந்த இடத்தில் ஒரே ஒரு வரி. கூடவே பேராசிரியரின் சின்னக் கடிதம்: 'பட்டியலை ரசித்தேன். ஆனால் கம்ப்யூட்டரில் அவ்வளவு இடமில்லை. இனி 'இல்லை' என்று தெளிவாகச் சொன்னால் மட்டும்தான் அது சேவ் செய்யாது. வேறு எதைச் சொன்னாலும் சேவ் செய்துவிடும்.'

பெயர்ப் பட்டியல்? 'ஆமாங்க பிழையைக் கண்டுபிடித்தவர் — ஸ்டெல்லா, இண்டூர்.' என் பெயரும் இருந்தது. அதன் கீழே. 'தபாலில் அனுப்பியவர்' என்று.

தலைமையாசிரியர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். ஒரு பையனின் மார்க்கை அடித்தார். சேவ் செய்யவா என்று அது கேட்டது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி 'ஆகட்டுங்க' என்று அடித்தார். அணைத்துவிட்டு மறுபடி போட்டோம். மார்க் இருந்தது.

"பரவால்லீங்களே, நம்ம பேச்சு புரியுது" என்றார். எழுந்தவர், வாசலில் நின்று செருப்பில் காலை நுழைத்தபடி கேட்டார்: "பென்னாகரத்துலருந்து மறுக்காவும் ஆளனுப்பியிருக்காங்க. என்ன சொல்றீங்க, குடுத்தர்லாமுங்களா?"

காரணங்களை வரிசையாக டைரியில் எழுதி வைத்திருந்தேன். டைரியை எடுத்துப் பக்கத்தைத் தேடினேன்.

ஸ்டெல்லா டீச்சர் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பாக்கலாங்க சார்."

தலைமையாசிரியர் மற்ற செருப்பையும் மாட்டிக்கொண்டார். பிறகு போய்விட்டார். கம்ப்யூட்டர் அறைக்கு இன்னொரு நாற்காலி போடச் சொல்லி அவர் பியூனிடம் சொல்வது வராந்தாவிலிருந்து கேட்டது.

நல்லவேளை, அந்தக் கேள்வியைக் கேட்டது மெஷின் இல்லை... அது 'ஆம்' என்றே எடுத்துக்கொண்டிருக்கும்.