விதைக்கு விட்ட பீர்க்கங்காய்

வாசல் முருங்கை மரத்துல பீர்க்கங்கொடியை ஏத்தி விட்டிருக்கேன். முதல் காயை விதைக்குன்னு பறிக்காம விட்டேன். காய் முத்தி, கொடியிலேயே காய்ஞ்சாத்தானே விதை கிடைக்கும்?

எங்க தெருவுக்கு அது பொறுக்கல. போறவங்க வர்றவங்க எல்லாம் கேட்டைத் தட்டி, "முத்திப்போவுதுபா, பறி"ன்னு சொன்னாங்க. கடைசியில எதிர்வீட்டு சுகுணாக்கா தானே பறிச்சுக் கையில கொடுத்துட்டாங்க.

"நீ கவனிக்கவே மாட்டேங்கிற, அதான்."

நான் தேங்க்ஸ் வேற சொன்னேன்.

அடுத்த காய்க்கு உஷாராயிட்டேன். மஞ்சத்துணி கட்டி, குங்குமம் வெச்சேன். நம்ம காஞ்சிபுரமாச்சே, அதுக்கப்புறம் ஒரு கை படல. சிலபேர் கன்னத்துல போட்டுக்கினு போனாங்க.

இன்னிக்குக் காலையில ஆட்டிப் பார்த்தேன். காய்ஞ்ச காய்க்குள்ள விதை கலகலன்னுது. உள்ள போய் கத்தி எடுத்துக்கினு வந்தா, மரத்தடியில அகல்விளக்கு எரியுது. சுகுணாக்கா மரத்தைச் சுத்திக்கினு இருக்காங்க.

கத்தியைப் பார்த்ததும் அலறிட்டாங்க. "ஐயோ, சாமிக் காய்ல கத்தியை வெக்கிறியே! எம்பொண்ணுக்கு வரன் அமையணும்னு வேண்டிக்கினு இருக்கேன்பா. அமையற வரைக்கும் அது கொடியிலதான் இருக்கணும்!"

"அக்கா, அது விதைக்கு விட்ட காய்க்கா."

"விதை எங்கயும் ஓடிப்போவாது. நீயும் ஒரு சுத்து சுத்து, வா."

சுத்திட்டு வந்துதான் இதை டைப் பண்றேன்.

ஆர்குட் மக்களே, பொண்ணு பி.காம். முடிச்சிருக்குது, நல்ல குடும்பம். தெரிஞ்ச பையன் இருந்தா உடனே சொல்லுங்க. ஆடிக்குள்ள அமைஞ்சாகணும்.

எனக்கு விதை போடணும்.