மூன்று மில்லிமீட்டர்

எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடும் கொடி ஒரு பளு தூக்கும் ராடு. ஏழடிக்கும் கூடுதலான நீளம், இருபது கிலோ எடை. சுவரில் அடித்த இரண்டு இரும்புக் கொக்கிகளில் கிடக்கிறது. ஜமுக்காளத்தை ஈரம் சொட்டச் சொட்டப் போட்டாலும் வளையாது. அறந்தாங்கியில் இவ்வளவு உறுதியான கொடி வேறு வீட்டில் இருக்காது என்று வருகிறவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதை வாங்கியது என் தங்கைக்காக.

புதுக்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது அவள் பளு தூக்க ஆரம்பித்தாள். அப்பா துபாயில் இருந்தார். வீட்டில் எதையும் முடிவு செய்கிறவன், புதிதாக தாலுகா ஆபீஸ் வேலையில் சேர்ந்திருந்த நான். கடைசி வருடத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினோம். மாநிலப் போட்டியில் இடம் பிடித்தால் கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம், இல்லாவிட்டால் தை மாதம் முகூர்த்தம் என்று அப்பா போனில் சொல்லிவிட்டார். கல்லூரியில் வாரம் இரண்டு நாள்தான் பயிற்சி. வீட்டிலும் பழக ஒரு ராடு வேண்டும் என்று கேட்டாள். திருச்சிக்கு அழைத்துப் போனேன்.

கடைக்காரர் இரண்டை எடுத்துப் போட்டார். ஒன்று ஆண்களுக்கானது, இருபத்தெட்டு மில்லிமீட்டர் தடிமன். மற்றது பெண்களுக்கானது, இருபத்தைந்து. எடையும் ஐந்து கிலோ குறைவு. நான் விவரம் தெரிந்தவன் போலத் தரையில் உருட்டி, வளைவு இருக்கிறதா என்று பார்த்தேன். பிளேட் மாட்டும் முனைகளைச் சுழற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன். அவள் குந்தி உட்கார்ந்து தடித்த ராடைப் பிடித்துப் பார்த்தாள். பளு தூக்குகிறவர்கள் கட்டைவிரலை ராடோடு ஒட்டி வைத்து, மற்ற விரல்களை அதன்மேல் மடக்கிப் பூட்டிக்கொள்வார்கள். அவளுக்குக் குட்டை விரல்கள்.

“எட்டலண்ணே. சின்னதையே எடுப்போம்.”

“நீ கட்டிக்கிட்டுப் போயிட்டா அது யாருக்கு ஆகும்? இதுன்னா நானும் தூக்குவேன்ல. பழகப் பழகச் சரியாயிரும்.”

தடித்ததையே வாங்கினோம். கட்டைவிரலைப் பூட்டாமலே பழகினாள். தினமும் விடியற்காலையில், கொல்லையில் ராடு மண்ணில் இறங்கும் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன்.

மாநிலப் போட்டியில் மூன்று வாய்ப்புகள். முதல் முறை ராடு இடுப்பைத் தாண்டியதும் விரல்களிலிருந்து நழுவியது. இரண்டாவதும் அப்படியே. அங்கே இருந்தது மெல்லிய ராடு; மூன்றாவது முறை அவள் கட்டைவிரலை உள்ளே வைத்துப் பூட்டிப் பார்த்தாள். எட்டியது. ஆனால் பழகாத பிடி, வலி தாங்காமல் கை தானாக விட்டுவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் கட்டைவிரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு தூங்கினாள். என்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.

தை மாதம் கல்யாணமாகிப் பொன்னமராவதிக்குப் போனாள். கணவரோடு துணிக்கடை நடத்துகிறாள், வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. நான் அந்த ராடை நான்கு நாள் தூக்கினேன். ஐந்தாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகுதான் அது கொடியானது.

இந்த வருடம், ஒன்பதாவது படிக்கும் என் மகள் ராடு கேட்டாள். மறுபடியும் திருச்சி. நான் எதையும் உருட்டிப் பார்க்கவில்லை. “பிடிச்சுப் பாரும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றேன். அவள் கை எதை எடுத்ததோ அதையே வாங்கினோம்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்திருந்தாள். மகளின் மெல்லிய ராடு கூடத்தில் கிடந்தது. “அத்தை, நீங்க தூக்குங்க” என்றாள் மகள். தங்கை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தினாள். கட்டைவிரலை வைத்து, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கினாள். தூக்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எட்டுதுண்ணே” என்றாள், என் பக்கம் திரும்பாமல்.

நான் எழுந்து கொல்லைக்குப் போனேன். கொடியில் ஜமுக்காளம் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அதைப் புரட்டிப் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.